கமரா கேள்வி பதில்: கனக்கக் காசில்லாமல் ஒரு சூம் லென்ஸ்

இந்த முறை வந்த கடிதங்களில முக்கால்வாசி ஒரே விசயத்தைப் பற்றித்தான், சூம் லென்ஸ். மடுத் திருவிழா வருது, பள்ளிக்கூட லீவு வருது, வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வரப்போயினம், அதால எல்லாருக்கும் இப்ப தூரத்தைக் கிட்ட இழுக்கிற லென்ஸ் ஒண்டு வேணும். சரி, இந்த மாதம் முழுக்க அதையே கதைப்பம். கீழ 18-55, 75-300 எண்டு வாறதெல்லாம் லென்ஸின்ர எம்எம் அளவு, நம்பர் கூடக் கூடத் தூரம் கிட்ட வரும்.

கேள்வி: அண்ணை, நான் மாங்குளத்தில இருந்து எழுதுறன். என்னட்ட கெனான் 1300டி இருக்கு, அதோட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். லீவு கிடைச்சால் மோட்டசைக்கிள்ள மன்னார், மடு, முல்லைத்தீவு, பூநகரி எண்டு சுத்துறனான். ஆவணியில லண்டனில இருந்து மாமா வாறார், ஒரு சூம் லென்ஸ் கொண்டுவாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அவர் பார்த்து வைச்சது 75-300, நல்ல மலிவாம். கூட்டாளி ஒருத்தன் 55-250 தான் திறம் எண்டுறான், இன்னொருத்தன் பொறுத்திருந்து காசு சேர்த்து அந்தப் பெரிய வெள்ளை லென்ஸை வாங்கு எண்டுறான். நான் எதை எடுக்கிறது?

பதில்: தம்பி, மாமாவுக்கு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ, 75-300 வேண்டாம், 55-250 எஸ்டிஎம் எண்டு எழுதியிருக்கிறதைப் பார்த்து எடுங்கோ எண்டு. அந்தக் கடைசிச் சொல்லு முக்கியம். ஏனெண்டால் 55-250 எண்ட பேரில கெனான் மூண்டு லென்ஸ் விட்டது, முதலாவது 2007ல, ரெண்டாவது 2011ல, எஸ்டிஎம் வந்தது 2013ல. முதல் ரெண்டும் கூடாது எண்டில்லை, ஆனால் எஸ்டிஎம் தான் மூண்டிலயும் கூர்மை கூட, ஃபோகஸும் சத்தமில்லாமல் கெதியாப் பிடிக்கும். லென்ஸின்ர வாய் விளிம்பில பேர் எழுதியிருக்கும், அதைப் போனில படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துப்போட்டு ஓம் சொல்லுங்கோ.

75-300 ஏன் வேண்டாம் எண்டு சொல்றன் எண்டால், அதுக்குள்ள கைநடுக்கத்தைத் தாங்கிற ஐஎஸ் இல்லை. சூம் லென்ஸில இது சின்ன விசயமில்லை. 18-55ல கை கொஞ்சம் ஆடினாலும் படத்தில தெரியாது, ஆனால் 300க்கு இழுத்து வைச்சுப் பார்த்தால் மூச்சு விடுறதுகூட படத்தில ஆட்டமா வரும். பழைய கணக்கு ஒண்டு இருக்கு, லென்ஸ் எத்தினை எம்எம்மோ அத்தினையில ஒரு பங்கு செக்கன் ஷட்டர் ஸ்பீட் வேணும் எண்டு, உங்கட கமராவில சென்சர் சின்னன் எண்டபடியா அதை 1.6ஆல பெருக்கவேணும், அப்ப 300க்கு கிட்டத்தட்ட 1/500 வேணும். காலமை எட்டு மணி வெயிலில அது பரவாயில்லை, ஆனால் நீங்கள் இரணைமடுக் குளக்கட்டில பின்னேரம் ஆறு மணிக்கு நிண்டு படம் எடுக்கேக்க 1/500 எங்கால வரும்? கமரா வெளிச்சத்தை உணருற அளவை, அதுதான் ஐஎஸ்ஓவை, ஏத்தவேணும், ஏத்தினால் படம் மணல் மணலா வரும். 55-250 எஸ்டிஎம்மில இருக்கிற ஐஎஸ் மூண்டரை ஸ்டொப் தாங்கும் எண்டு கெனான் சொல்லுது (ஒரு ஸ்டொப் எண்டால் ஷட்டரை ரெண்டு மடங்கு நேரம் திறந்து வைக்கிறது), நான் அவ்வளவு நம்பி எடுக்கிறேல்லை, ஆனால் 250ல 1/80, 1/100ல ஆடாமல் நிக்கிற ஒண்டை எடுத்தால் பத்தில எட்டுப் படம் நல்லா வரும். பறக்கிற பறவைக்கும் ஓடுற பிள்ளைக்கும் இது உதவாது, ஐஎஸ் உங்கட கையைத்தான் பிடிக்கும், அவையைப் பிடிக்காது. அதுக்கு 1/800, 1/1000 எண்டு வைக்கத்தான் வேணும்.

மற்றது 300 எண்ட நம்பர். 250க்கும் 300க்கும் பெரிய வித்தியாசம் இருக்கெண்டு கனபேர் நினைக்கினம். 250ல ஒரு கொக்கு படத்தில ஒரு அங்குலத்துக்கு வந்தால் 300ல ஒண்டே கால் அங்குலத்துக்கும் வராது, அவ்வளவுதான். அதிலயும் 75-300 கடைசி 300ல இழுக்கேக்க கூர்மை நல்லா விழுந்துபோகும், அப்ப 250ல எடுத்த கூரான படத்தை வெட்டிப் பெருப்பிச்சாலே அதைவிட நல்லா இருக்கும். வெளிநாட்டுக் கடையளில கமராவோட சேர்த்து ரெண்டு லென்ஸ் பெட்டி எண்டு விக்கேக்க இந்த 75-300ஐத்தான் போட்டு விக்கிறவை, அதாலதான் பழைய சாமான் சந்தையில அது குவிஞ்சு கிடக்கு, மலிவாயும் இருக்கு. மாமா தெரியாமல் அதைப் பார்த்ததில பிழை இல்லை.

வெள்ளை லென்ஸ் சொன்ன கூட்டாளிக்கு என்ர பதில் இது: 70-200 எஃப் 2.8 அருமையான லென்ஸ்தான் (எஃப் நம்பர் குறையக் குறைய லென்ஸின்ர வாய் பெரிசாத் திறந்து வெளிச்சம் கூட விடும்), கலியாண வீடு எடுக்கிறவைக்கு அது சோறு போடும். ஆனால் அது ஒண்டரைக் கிலோ. 55-250 எஸ்டிஎம் வெறும் 375 கிராம், உங்கட 1300டி 485 கிராம், ரெண்டும் சேர்ந்தாலே ஒரு கிலோ வராது. நீங்கள் மாங்குளத்தில இருந்து மோட்டசைக்கிள்ள மன்னாருக்குப் போய்த் திரும்புற ஆள், முதுகில தொங்கிற சாமான் பின்னேரம் ஆகேக்க எவ்வளவு பாரமாகும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கண்ட அளவில பாரமான லென்ஸ் வாங்கினவை முதல் மூண்டு பயணம் கொண்டுபோவினம், நாலாம் பயணம் அது வீட்டு அலுமாரிக்குள்ள இருக்கும். மற்றது, களவு போனால், மழையில நனைஞ்சால், றோட்டில விழுந்தால் எவ்வளவு நெஞ்சு வெடிக்கும் எண்டதையும் யோசிக்கவேணும். 2022ல ரூபா விழுந்த விழுகையில, டொலர் ஒண்டு 200 ரூபாவில இருந்து 360க்குப் போன நேரத்தில, லென்ஸ் விலை எல்லாம் எங்கயோ போயிட்டுது, சம்பளம் அப்பிடிப் போகேல்லை. மிச்சம் பிடிக்கிற காசைப் பெற்றோலுக்கு வையுங்கோ, இன்னும் ரெண்டு இடம் கூடப் பாக்கலாம்.

இடையில ஒரு லென்ஸ் இருக்கு, 70-300 ஐஎஸ் ரெண்டாவது பதிப்பு, 2016ல வந்தது. ஃபோகஸ் மின்னல் வேகம், பறவை எடுக்கிறதுதான் முதல் ஆசை எண்டால் அதைத்தான் சொல்லுவன். ஆனால் 710 கிராம், பழசா வாங்கினாலும் விலை 55-250ஐ விட நல்லாக் கூட. நீங்கள் சுத்துற ஆள், பறவை மட்டும் எடுக்கிற ஆள் இல்லை, அதால உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு வசதி, 55-250 எஸ்டிஎம்முக்கும் உங்கட 18-55க்கும் மூடியும் ஃபில்டரும் ஒரே 58 எம்எம் அளவு. போலரைசர் ஃபில்டர் ஒண்டு வாங்கினால் ரெண்டுக்கும் பாவிக்கலாம், குளத்துத் தண்ணியின்ர மினுக்கத்தைக் குறைக்கும், வானம் வடிவா நீலமா வரும். 75-300ல ஃபோகஸ் பண்ணேக்க முன் கண்ணாடியும் சேர்ந்து சுத்தும், போலரைசரைத் திருப்பி வைச்சது குழம்பிப்போகும், அது அதின்ர இன்னொரு கரைச்சல்.

ஒண்டு மட்டும் மனசில வையுங்கோ, சூம் எண்டவுடன எல்லாத்தையும் 250லயே எடுக்கவேணும் எண்டில்லை. இந்த லென்ஸின்ர உண்மையான பலன் 55 தொடக்கம் 135 வரைக்கும்தான் கனக்க இருக்கு. மடுவில மாதா சுருவம் சனத்தின்ர தலைக்கு மேலால வரேக்க, முறிகண்டியில தேங்காய் உடைக்கிற கை, வட்டுவாகலில வலை வீசுறவர் வலையை விரிச்சு விடுற அந்த ஒரு கணம், எல்லாம் 100 எம்எம் பக்கத்தில வடிவா வரும். பனை வரிசையை 200ல இழுத்து எடுத்துப் பாருங்கோ, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஒட்டி நிக்கிறமாதிரி வரும், 18-55ல அதே பனையள் தனித்தனியாச் சிதறி நிக்கும். குளக்கட்டு, வயல், தூரத்துப் பனை, அதுக்குப் பின்னால சூரியன், இது நாலையும் ஒரு படத்துக்குள்ள அடுக்கிறது சூம் லென்ஸாலதான் ஏலும். வன்னி மாதிரி மட்டமான நிலத்துக்கு மலைநாட்டை விட இந்த லென்ஸ்தான் பொருத்தம் எண்டு நான் எப்பவும் சொல்றனான்.

பழக்கத்துக்கு ஒரு வழி: ஏவி மோட்டில (எஃப் நம்பரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கமரா பார்த்துக்கொள்ளும்) எஃப் 7.1 அல்லது 8 வையுங்கோ, ஐஎஸ்ஓ 400, வெளிச்சம் குறையக் குறைய 1600 வரைக்கும் போங்கோ, உங்கட கமராவில அதுக்கு மேல போனால் எனக்குத் திருப்தியில்லை. முழங்கையை நெஞ்சோட ஒட்டி வையுங்கோ, மோட்டசைக்கிள் சீற்றில கையை ஊண்டி எடுத்தால் இன்னும் நல்லம், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு.

கேள்வி: மாசி மாதம் மன்னாருக்குப் போய்ப் பூநாரை எடுத்தனான். 70-300 லென்ஸ், ஐஎஸ் இருக்கு, ஸ்டாண்டும் வைச்சுத்தான் எடுத்தனான், நல்ல வெயில், ஷட்டர் 1/1000. எல்லாப் படமும் தண்ணிக்குள்ளால பார்த்தமாதிரி அலைஞ்சு போய் இருக்கு. லென்ஸ் பழுதோ? வித்துப்போட்டு 400 வாங்கட்டோ? (வவுனியா)

பதில்: விக்காதேங்கோ, லென்ஸில ஒரு பழுதும் இல்லை. நீங்கள் எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள் எண்டு எழுதேல்லை, ஆனால் எனக்குத் தெரியும், காலமை பத்து மணிக்குப் பிறகுதான் எடுத்திருப்பியள்.

நல்லா வெயில் ஏறினாப் பிறகு தார் றோட்டில தூரத்தில தண்ணி நிக்கிறமாதிரி ஒரு அசைவு தெரியுமல்லோ, அதேதான் இது. தரை சூடாகி அதுக்கு மேல இருக்கிற காத்தும் சூடாகி எழும்பும், மேல இருக்கிற குளிர்ந்த காத்தோட கலக்கும். சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் ஒளியை வளைக்கிற அளவு வேற வேற, அதால பறவையில இருந்து உங்கட லென்ஸுக்கு வாற ஒளி வழியில நூறு இடத்தில நெளிஞ்சு நெளிஞ்சு வரும். கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, 300ல இழுத்தவுடன அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெருப்பிக்கிறியள். வங்காலைப் பக்கத்துச் சதுப்பு நிலம், உவர் தரவை, உப்பளம் எல்லாம் மரமில்லாத வெட்டை, கானல் அலையிறதுக்கு அதைவிட வாய்ப்பான இடம் இல்லை. அங்க பூநாரை கரையில இருந்து நல்ல தூரத்தில நிக்கும், அப்ப இடையில இருக்கிற சூட்டுக் காத்தும் கனக்க.

இதுக்கு 400 வாங்கினால் நெளிவும் இன்னும் பெருசாத் தெரியும். பத்து லட்சம் குடுத்து வாங்கின லென்ஸும் அந்தக் காத்துக்கு முன்னால ஒண்டும் செய்யேலாது. வழி ஒண்டுதான், விடியக் காலமை. சூரியன் வெளிக்கிட முந்தியே அங்க நில்லுங்கோ, முதல் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒண்டரை, அதுக்குள்ள எடுத்து முடியுங்கோ. ராத்திரி நிலம் குளிர்ந்திருக்கும், காத்து அசையாது, வெளிச்சமும் மஞ்சளா சாய்ஞ்சு வரும், பூநாரையின்ர சிவப்பு அப்பதான் சிவப்பா இருக்கும், மத்தியானத்தில அது வெளிறிப்போன வெள்ளை. வவுனியாவில இருந்து காலமை வெளிக்கிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டியள், முதல் நாள் பின்னேரமே போய் மன்னாரில தங்குங்கோ. அந்த ஒரு ராத்திரி அறை வாடகைதான் நீங்கள் வாங்கவேண்டிய 400 எம்எம்.

மழை பெய்ஞ்சு விட்ட அடுத்த நாளும், மூட்டமான நாளும் நல்லம். வங்காலைச் சரணாலயத்தை 2010ல உலகத்தில முக்கியமான ஈரநிலங்களின்ர ராம்சார் பட்டியலில சேர்த்தவை, வடகீழ்ப் பருவ மழையோட வாற பறவையள் பங்குனி வரைக்கும் நிக்கும், அவசரப்படாமல் ரெண்டு மூண்டு தரம் போங்கோ. வாகனத்தை விட்டு இறங்காமல் யன்னல் கண்ணாடியை இறக்கி, மடிச்ச துவாயில லென்ஸை வைச்சு எடுத்தால் பறவை பயப்படாது. ஏசி போட்ட வாகனம் எண்டால் யன்னல் திறந்தவுடன உள்ளுக்க இருந்து குளிர் காத்து வெளியால போகும், அதுவே ஒரு கானலை உண்டாக்கும், ஏசியை முதலே நிப்பாட்டுங்கோ.

கேள்வி: எனக்கு நிக்கோன் டி3200 இருக்கு. கனடாவில இருக்கிற அக்கா 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் புதுசா அனுப்பினவா. போட்டால் ஃபோகஸே பிடிக்குதில்லை, கையால திருப்பினாலும் ஒண்டும் நடக்குதில்லை. அக்காவுக்கு எப்பிடிச் சொல்றது எண்டும் தெரியேல்லை. (புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, மனசு வருத்தப்படாதேங்கோ, லென்ஸ் நல்ல லென்ஸ், உங்கட கமராவோடதான் அதுக்குப் பொருத்தமில்லை. ஏஎஃப்-பி எண்டது நிக்கோன் 2016ல கொண்டுவந்த புது வகை மோட்டர், டி3200, டி3100, டி5100, டி90 மாதிரிப் பழைய கமராக்களுக்கு அதோட கதைக்கத் தெரியாது. கையால திருப்புறதும் அதில கரண்டிலதான் வேலை செய்யுது, அதாலதான் அதுவும் அசையேல்லை. டி3300, டி5300 எண்டால் மென்பொருளைப் புதுப்பிச்சுப் பாவிக்கலாம், டி3400க்குப் பிறகு வந்ததுகளுக்கு அதுவும் தேவையில்லை. உங்கடதுக்கு ஒரு வழியும் இல்லை.

கிளிநொச்சியிலயோ யாழ்ப்பாணத்திலயோ டி3400, டி3500, டி5600 வைச்சிருக்கிற ஆரையும் பிடிச்சு மாத்துங்கோ, அவையில ஆரட்டையும் பழைய ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் அல்லது 55-300 விஆர் இருந்தால், உங்கட புது லென்ஸுக்கு அவை சந்தோசமாத் தருவினம், மேலதிகமாக் கொஞ்சக் காசும் கேக்கலாம். ஏஎஃப்-எஸ் எண்டு எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. வெறும் ஏஎஃப் எண்டு மட்டும் எழுதின பழைய 70-300 ஒண்டும் மலிவாச் சுத்தித் திரியுது, அதுக்குள்ள மோட்டர் இல்லை, உங்கட கமராவுக்குள்ளயும் இல்லை, பேந்தும் கையாலதான் திருப்பவேணும். விஆர் எண்ட எழுத்தும் இருக்கவேணும், அதுதான் நிக்கோன்காரரின்ர ஐஎஸ். அக்காவுக்கு உண்மையைச் சொல்லுங்கோ, அவாவின்ர காசு வீணாப் போகேல்லை, வேற லென்ஸா மாறியிருக்கு.

கேள்வி: போனில இப்ப 100 மடங்கு சூம் வருது. இனி லென்ஸ் தேவையோ? (பூநகரி)

பதில்: 3 மடங்கு, 5 மடங்கு, ஒண்டு ரெண்டு போனில 10 மடங்கு வரைக்கும் உண்மையான கண்ணாடி இருக்கு, அது நல்லாத்தான் வருது, ஊர் சுத்துறதுக்கு அது போதும் எண்டால் லென்ஸ் வாங்காதேங்கோ. அதுக்கு மேல போறது வெட்டிப் பெருப்பிக்கிறது, மிச்சத்தைப் போன் தானா நினைச்சுக் கீறுது. மயிலின்ர தோகையைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, சாயம் பூசினமாதிரி இருக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பேரப்பிள்ளைகளோடு திருக்கேதீச்சரம், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் என்று கோயில் கோயிலாகப் போகிறேன், அடுத்த வருடம் இந்தியாவுக்கும் போக எண்ணம். லென்ஸ் மாற்றுகிற கமரா எனக்குச் சரிவருமா? பாரம் தூக்க முடியாது. (வவுனியா)

பதில்: ரீச்சர், உங்களுக்கு லென்ஸ் மாத்துற கமரா வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். கோயில் வீதியில நிண்டு லென்ஸ் மாத்தேக்க ஒரு கையில மூடி, ஒரு கையில லென்ஸ், பேரப்பிள்ளை இன்னொரு பக்கம் ஓடும். கைக்கடக்கமான சூம் கமரா எடுங்கோ, கெனானின்ர எஸ்எக்ஸ் 740 மாதிரி ஒண்டு, 300 கிராமும் இல்லை, 40 மடங்கு சூம், கைப்பையுக்குள்ள வைக்கலாம், கோபுரத்து உச்சியில இருக்கிற பொம்மையைக்கூடக் கிட்ட இழுத்து எடுக்கும். சந்திரனையே எடுக்கலாம் எண்டு சொல்லி நிக்கோன் பி900ஐ ஆரும் காட்டுவினம், 83 மடங்கு உண்மைதான், ஆனால் கிட்டத்தட்ட 900 கிராம், உங்கட கழுத்துக்கு அது வேண்டாம். இந்தச் சின்னக் கமராக்களுக்குள்ள சென்சர் சின்னன், அதால இருட்டில படம் சுமார்தான், பகலில ஒரு குறையும் இல்லை.

கேள்வி: வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் போய் ராத்திரி 55-250ஆல எடுத்தனான். எல்லாம் இருட்டு, இல்லாட்டி ஆட்டம். என்ன செட்டிங்கில பிழை? (முள்ளியவளை)

பதில்: செட்டிங்கில பிழை இல்லை தம்பி, ராத்திரிக்கு அந்த லென்ஸைக் கொண்டுபோனதுதான் பிழை. மலிவான சூம் எல்லாத்துக்கும் இந்தக் குறை இருக்கு, இழுத்தாப் பிறகு எஃப் 5.6க்கு மேல வாய் திறக்காது. அதுக்குப் பதிலா 50 எம்எம் எஃப் 1.8 ஒண்டு வாங்குங்கோ, லென்ஸுகளில ஆக மலிவானதில அது ஒண்டு, 160 கிராம், 5.6ஐ விடப் பத்து மடங்குக்குக் கிட்ட வெளிச்சம் உள்ளுக்க விடும். சூம் இல்லை, நீங்கள்தான் கிட்டப் போகவேணும். போங்கோ. பொங்கல் பானைக்குக் கிட்ட, நெருப்பு வெளிச்சம் முகத்தில விழுற தூரத்துக்கு, அந்த அம்மாவட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு இருந்து எடுங்கோ, அதுதான் அந்த ராத்திரியின்ர படம்.

கேள்வி: தூரத்தில இருந்து ஆக்களுக்குத் தெரியாமல் எடுக்கலாம் எண்டதுதான் எனக்கு இந்த லென்ஸில விருப்பமே. இயல்பா வரும். இதில பிழை ஏதும் இருக்கோ? வேற எங்க எங்க கவனமா இருக்கவேணும்? (கிளிநொச்சி)

பதில்: சந்தையில மீன் விக்கிற அம்மா சிரிக்கிறதை, வயலில நாத்து நடுறவையை, பேருந்து நிலையத்தில பேப்பர் படிக்கிற ஐயாவைத் தூரத்தில இருந்து எடுக்கிறதில பிழை இல்லை, எடுத்துப்போட்டுக் கிட்டப் போய்க் காட்டுங்கோ, அனேகமா சந்தோசப்படுவினம், வேண்டாம் எண்டால் அவைக்கு முன்னாலேயே அழியுங்கோ. ஆனால் ஒண்டை நான் கெஞ்சிக் கேக்கிறன். மே 18ல முள்ளிவாய்க்காலில விளக்குக்கு முன்னால விழுந்து அழுற தாயின்ர முகத்தை 250ல இழுத்து எடுக்காதேங்கோ. நானும் அந்த மண்ணில ஆக்களை விட்டுப்போட்டு வந்தவன். என்ர தாயை ஒருத்தர் அப்பிடி எடுத்துப் போட்டதைப் பிறகு நாங்கள் போனில கண்டனாங்கள், அம்மா அதைப் பார்த்துப்போட்டு அடுத்த வருசம் அங்க வரமாட்டன் எண்டு நிண்டவா. தூரத்தில விளக்குகளை எடுங்கோ, கைகளை எடுங்கோ, முகம் வேணுமெண்டால் கிட்டப் போய்க் கேளுங்கோ, கேக்க வாய் வரேல்லை எண்டால் அந்தப் படம் உங்களுக்கு வேண்டாம்.

இனி மற்றக் கவனம். முகாம், சோதனைச் சாவடி, கடற்படை நிக்கிற கரை, இந்தப் பக்கங்களுக்கு லென்ஸைத் திருப்பாதேங்கோ. நீங்கள் பறவையைத்தான் எடுத்தனீங்கள் எண்டாலும் தூரத்தில இருந்து பார்க்கிறவருக்கு நீளமான லென்ஸ் ஒண்டு தன்னைப் பார்க்குது எண்டுதான் தெரியும். ஆரும் வந்து கேட்டால் கமராவை மறைக்காமல் எடுத்த படங்களைக் காட்டுங்கோ.

அதைவிடப் பெரிய விசயம் மிதிவெடி. துப்புரவாக்கின இடம் கனக்க, ஆனால் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்னும் நிக்கிற இடங்களும் இருக்கு. பறவையைப் பார்த்துக்கொண்டு, கண்ணைக் கமராவில வைச்சுக்கொண்டு, இன்னும் ரெண்டு அடி, இன்னும் ரெண்டு அடி எண்டு பத்தைக்குள்ள இறங்கிற பழக்கம் படம் எடுக்கிற எல்லாருக்கும் இருக்கு. பலகை இல்லாத இடத்திலயும் மாடு போற தடம், ஆக்கள் போற ஒழுங்கை, அதை விட்டு இறங்காதேங்கோ, தெரியாத இடமெண்டால் ஊர் ஆளைக் கேளுங்கோ. சூம் லென்ஸ் வாங்கிறதே றோட்டில நிண்டுகொண்டு எடுக்கத்தான். றோட்டில நிண்டு எட்டாத படத்தை விட்டுப்போட்டு வாங்கோ.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கேக்க என்னத்தைப் பார்க்கிறது? வாங்கினாப் பிறகு இந்த மழைக்கும் புழுதிக்கும் எப்பிடிக் காப்பாத்திறது? (பரந்தன்)

பதில்: நான் முதல் வாங்கின சூம் லென்ஸே ஏமாந்து வாங்கினதுதான், கொழும்பில ஒரு கடையில, வெளியால பார்த்தால் பளபளப்பு, ஊருக்கு வந்து போன் லைற்றைப் பின்பக்கத்தால அடிச்சுப் பார்த்தால் உள்ளுக்க சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். திருப்பிக் குடுக்கப் போக பஸ் காசும் இல்லாத காலம். அதால லைற் இல்லாமல் கடைக்குப் போகாதேங்கோ.

ரெண்டு மூடியையும் கழட்டி, ஒரு பக்கத்தால லைற்றை அடிச்சு மற்றப் பக்கத்தால சரிச்சுச் சரிச்சுப் பாருங்கோ. ரெண்டு மூண்டு தூசி கிடந்தால் ஒண்டுமில்லை, படத்தில தெரியாது. வலை மாதிரி, வேர் மாதிரிக் கிளை விட்டிருந்தால் பூஞ்சணம், முழுக்கப் பால் மாதிரி மங்கலா இருந்தால் அதுவும் வேண்டாம். பிறகு உங்கட கமராவிலேயே போட்டு, சூமை இழுத்துத் தள்ளிப் பாருங்கோ, மணல் அரைக்கிற சத்தம் வரக்கூடாது. தூரத்தில எழுத்துள்ள பெயர்ப் பலகை ஒண்டை ஆக நீளத்தில வைச்சு எடுத்து, நாலு மூலையையும் பெருப்பிச்சுப் பாருங்கோ, ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் எங்கயோ விழுந்து எழும்பியிருக்கு. ஐஎஸ்ஸைப் போட்டு ஷட்டர் பட்டனைப் பாதி அமத்தினால் உள்ளுக்க மெல்லிசா ஒரு சத்தம் வரும், கமராவில கண் வைச்சுப் பார்க்கிற ஓட்டைக்குள்ள படம் ஆடாமல் நிண்டமாதிரி இருக்கும், அது இல்லை எண்டால் ஐஎஸ் செத்திட்டுது. ஐஎஸ் போட்டு 1/60ல நாலு படம், போடாமல் நாலு படம் எடுத்து ஒப்பிட்டால் சந்தேகமே இல்லை.

புழுதிக்கு: இந்த வகை லென்ஸ் எல்லாம் இழுக்கேக்க நீளும், நீளேக்க காத்தை உறிஞ்சும், கிரவல் றோட்டில லொறி போனாப் பிறகு அந்தக் காத்தில என்ன இருக்கும் எண்டு தெரியும்தானே. புழுதி அடங்கினாப் பிறகு இழுங்கோ. சோழகம் அடிக்கிற நாளில வெட்டையில லென்ஸ் மாத்தவேண்டாம், கடைத் தாவாரத்துக்கோ பஸ்ஸுக்கோ போய், கமரா வாயை நிலத்துக்குக் காட்டி மாத்துங்கோ. கடற்கரையில இருந்து வந்தால் மென்துணியைக் கொஞ்சம் ஈரமாக்கி வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கோ, உப்பு திருகாணியைத் தின்னும்.

மழைக்கு: ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் தோல் பையுக்குள்ளயும் அலுமாரிக்குள்ளயும் வைக்காதேங்கோ. ஈரமும் இருட்டும் இருந்தால் பூஞ்சணத்துக்கு அது போதும். காத்துப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி, சாப்பாட்டுச் சாமான் போடுற பெட்டியே போதும், அதுக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கோ. நீல நிற ஜெல் எண்டால் ஈரம் குடிச்சவுடன றோஸ் நிறமாகும், மெல்லிய நெருப்பில தாச்சியில வறுத்தால் திரும்ப நீலமாகும், ஆனால் அந்தத் தாச்சியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதேங்கோ, பழைய தாச்சி ஒண்டை அதுக்கெண்டு ஒதுக்குங்கோ. கனபேர் அரிசிக்குள்ள வைக்கினம், அரிசியின்ர தூள் லென்ஸுக்குள்ள போகும், வேண்டாம். கிழமைக்கு ஒருக்கா வெளியால எடுத்து நாலு படம் எடுத்துப்போட்டுத் திரும்ப உள்ளுக்க வையுங்கோ, பெட்டிக்குள்ளயே கிடக்கிற லென்ஸை விட வேலை செய்யிற லென்ஸ் கன காலம் இருக்கும்.